தீ, பாம்பு, கிணறு, மல்லாட்டை

செஞ்சி ஊரின் கடைசி வீடுகளைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலை கோட்டை மதிலை நெருங்கும் இடத்தில், இடப்புறம் ஒரு திருமடம் உண்டு. அந்த மடம் நடத்தும் ஈராண்டுக் கல்லூரியில் இரண்டு பாடங்கள்தாம்: ஒன்று திருமுறை, மற்றொன்று வணிகமும் தொழில்முனைவும். காலை ஆறு மணிக்குப் பதிகம் பாடிய அதே நாக்கு பத்து மணிக்கு இலாப விகிதம் பேச வேண்டும். முதல் சில மாதங்களில் மாணவர்களுக்கு இரண்டும் கலந்துவிடும். சந்நிதியில் நின்றுகொண்டு, இந்தத் தீபாராதனைக்கு வாடிக்கையாளர் வருகை குறைவு என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். சந்தைப்படுத்தல் தேர்வில் விடை தெரியாமல் 'எல்லாம் அவன் செயல்' என்று எழுதி அரை மதிப்பெண் கேட்டு வாதாடியவர்களும் இருந்தார்கள். நாளடைவில் குழப்பம் தீர்ந்துவிடும், அல்லது பழகிவிடும்.

மடத்தின் உணவுக்கூட வாசலில் ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. 'பௌர்ணமிதோறும் சூரிய உதயம் முதல் சந்திர உதயம் வரை மௌனம் காக்க. விலக்கு: தீ, பாம்பு, கிணறு.' அதாவது எங்கேனும் தீப்பற்றினாலோ, பாம்பைக் கண்டாலோ, யாரேனும் கிணற்றில் விழுந்தாலோ வாய் திறக்கலாம். மனிதரை நன்கு அறிந்த பழைய மடாதிபதி ஒருவர் எழுதிவைத்தது. இம்மூன்றைத் தவிர வேறெதையும் அவர் அவசரமாகக் கருதவில்லை.

பௌர்ணமியன்று வகுப்புகள் கிடையா. ஆகவே உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்கள் மௌனம் காத்தார்களா என்று மடம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி பாரதி இப்படி இருபத்து மூன்று பௌர்ணமிகளைத் தன் வீட்டில் கழித்திருந்தாள். அந்த இருபத்து மூன்று நாள்களிலும் அவள் பேசாமல் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு குளியலுக்குக் காணாது.

பேச்சு அவளுடைய மூலதனம். அவள் தாய் காத்தாயி இருபது ஆண்டுகளாகச் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்று வந்தாள். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். கூடையைத் தலையில் தாங்கிப் பேருந்தின் சன்னலோரம் நிற்பாள். வண்டி நகர்ந்துவிட்டால் காசுக்காகக் கூடவே ஓடுவாள். இப்போது முழங்கால் ஓட மறுத்தது. மடத்துக்குச் சாலையோரம் ஆறு கடைகள் இருந்தன. அவற்றில் நான்காம் எண் கடையை, இறுதிச் செய்முறைத் தேர்வில் முதலிடம் பெறுபவருக்கு ஓராண்டு வாடகையின்றிக் கொடுப்பது கல்லூரியின் மரபு. அந்தக் கடைக்குக் கூரை உண்டு. முன்னால் ஒரு வேப்பமரமும் உண்டு. பாரதி அந்தக் கல்லூரியில் சேர்ந்ததே அந்த நிழலுக்காகத்தான். தாயை அந்த நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். பேருந்துதான் நின்று அவளைத் தேடி வர வேண்டும்.

செய்முறைத் தேர்வு என்பது வேறொன்றுமில்லை. மடத்து வாசலில் ஒரு மேசை, விற்பனைக்கு ஒரு பொருள், நான்கு மணி நேரம். விற்பனைக்கு அறுபது மதிப்பெண், மடத்து ஒழுங்கைக் காப்பதற்கு நாற்பது. பாரதி பன்னிரண்டு பக்கத் திட்ட அறிக்கை கொடுத்திருந்தாள். அதில் ஒன்பது பக்கங்கள் கூவுவதைப் பற்றியவை. எந்தப் பேருந்துக்கு எந்த ராகம், சிறுவர்களுக்கு எது, மாமியாரோடு வரும் மருமகளுக்கு எது என்று வகை பிரித்து எழுதியிருந்தாள். மீதி மூன்று பக்கங்களில்தான் மல்லாட்டை வந்தது.

கல்லூரி முதல்வர் கமலாம்பாள், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதை சொல்லாமல் அவருக்குப் பாடம் நடத்த வராது. அறிக்கையைப் படித்த மறுநாள் அவர் வகுப்பில் ஒரு கதையைத் தொடங்கினார்.

"ஒரு குளக்கரையில தவளையும் மின்மினியும் எதிரெதிரா கடை போட்டாங்க. தவளை காலையிலேர்ந்து கூவிக்கிட்டே இருந்தது. மின்மினி ஒரு வார்த்த பேசல. இப்ப யாருக்கு யாவாரம் நடந்திருக்கும்?"

"தவளைக்குத்தான் மேடம்," என்றாள் பாரதி.

"ஏன்?"

"பகல்ல மின்மினி யாரு கண்ணுக்குத் தெரியும்? கடை தொறந்து கீதா மூடிக் கீதான்னே தெரியாதே!"

வகுப்பு சிரித்தது. கமலாம்பாளும் சிரித்துவிட்டு, "இந்தக் கேள்விய எனக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மீதிக் கதைய உன் தேர்வு முடிஞ்சதும் சொல்றேன்," என்று புத்தகத்தை மூடினார்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான்: அவலூர்பேட்டை ரஞ்சித். அவன் குடும்பம் வெள்ளரி பயிரிடும் குடும்பம். சிரிப்புக்கும் கணக்கு வைத்திருப்பவன் போல் எப்போதாவது உதட்டை அசைப்பான். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் அம்மா' என்பதையே அவன் ஒரு கையசைப்பாகச் சுருக்கிவிட்டிருந்தான். பாரதிக்கு அவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"ஏன்டா, வாயத் தொறந்தா உள்ள கீற முத்து கொட்டிடுமா? இப்பிடி நின்னா உன் வெள்ளரிக்கா வெயில்ல காஞ்சி வத்தலாத்தான்டா போவும்."

அதற்கும் ஒரு கையசைப்புத்தான் கிடைத்தது.

தேர்வு நாளை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று முதல்வர் அறிவித்தபோது பாரதி பெஞ்சு பெஞ்சாக ஏறி இறங்கி ஆதரவு திரட்டினாள். கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி செஞ்சி வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் போகும். அதிலும் சித்ரா பௌர்ணமி என்றால் சாலையில் வண்டிகள் எறும்பு போல் ஊரும். பதினொரு மாணவர்களும் சித்ரா பௌர்ணமிக்கே கையெழுத்திட்டார்கள். கமலாம்பாள் தாளை வாங்கிக் கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்!"

"இன்னொரு வாட்டி யோசிக்கிறீங்களா?"

"யாவாரத்துல தயங்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அவர் புன்னகையோடு கையெழுத்திட்டார். அன்று மதியம் உணவுக்கூட வரிசையில் நின்றபோது, ரஞ்சித் தன் தட்டால் பாரதியின் தோளைத் தட்டி, அதே தட்டால் கறுப்புப் பலகையைக் காட்டினான். இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் இருமுறை அதன் கீழ் நடந்தவள் அப்போதுதான் அதைப் படித்தாள். கையிலிருந்த தம்ளர் சாய்ந்து ரசம் பாதத்தில் கொட்டியது. சூட்டுக்குக்கூட அவள் கத்தவில்லை. பாரதியின் கல்லூரி வாழ்க்கையில் அது முதல் மௌனம்.

"மேடம், தேதிய மாத்திடலாமா?"

"விழுப்புரத்துக்குக் கடிதம் போயிடுச்சேம்மா. தேர்வாளர் ராமகிருஷ்ணன் சார் லீவு கூட போட்டுட்டாராம்."

"பேசாம எப்பிடி மேடம் விக்கறது?"

"பேசி விக்கறது எப்பிடின்னுதான் ஒம்போது பக்கம் எழுதிட்டியே. அது தெரிஞ்ச விஷயம். தெரியாததுக்குத்தான் தேர்வு."

வீட்டில் இதைக் கேட்ட காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன் வாய அந்த சாமியே பூட்டிட்டாரா? அந்த மடத்துக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்டி!"

"நீ வேற, அம்மா. டென்ஷன்ல கீறேன். கடை போயிடும்."

"கடை போனா இன்னா, பஸ்ஸ்டாண்டு போயிடுமா? பொறந்ததிலேர்ந்து அங்கதானே வளந்த. சரி, நல்ல காயா பாத்து வேகவெச்சித் தரேன். உன் மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்பல வெச்சிக்க."

காத்தாயிக்குத் தொழிலில் ஒரே ஒரு விதி இருந்தது. வேகவைத்த மல்லாட்டை இரவு தங்கக் கூடாது. பொழுது சாய மிஞ்சியது எதுவாயினும் ஆட்டுக்குப் போய்விடும். மறுநாள் தொட்டால் பிசுபிசுவென்று நூல் இழுக்கும். ஏழு வயதில் பாரதி பழையதைத் திருடித் தின்றுவிட்டு மூன்று நாள் மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். அந்தக் கட்டிலின் இரும்பு நாற்றத்தை அவள் இன்றும் மறக்கவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று பகல் இரண்டு மணி. மடத்து வளைவின் கீழ்ப் பதினொரு மேசைகள். மாணவிகள் காவிக் கரையிட்ட வெள்ளைச் சேலையிலும், மாணவர்கள் அதே கரை வேட்டியிலும், எல்லாருமே நெற்றி நிறைய நீற்றோடும் நின்றார்கள். எதிர்த் தேநீர்க் கடையின் பெஞ்சில் தேர்வாளர் ராமகிருஷ்ணன் மதிப்பெண் தாளோடு அமர்ந்திருந்தார். காத்தாயி அண்டாவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "வரேன்டி ஊமக்குயிலு," என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள். பௌர்ணமி வருமானத்தை விட்டுவிட அவளால் முடியாது.

பாரதி மல்லாட்டையைச் செய்தித்தாளில் மடிக்கவில்லை. பொருளின் வெளித்தோற்றம் பற்றிய பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்; மந்தாரையிலைத் தொன்னைகளில் அழகாக அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் ரஞ்சித் வெள்ளரிப் பிஞ்சை நான்காகக் கீறிப் பூப்போல் விரித்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவினான். அவனுக்கு அது எந்த நாளும் போல் ஒரு நாள். வெயிலில் வந்தவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்தார்கள், நின்றார்கள், வாங்கினார்கள். அவனுக்காக அவன் கையிலிருந்த கத்தியே பேசிக்கொண்டது.

பாரதியின் மேசையில் ஈ மட்டும் உட்கார்ந்தது. ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் ஒன்பது பக்கக் கூவலும் தொண்டை வரை ஏறி வந்தது. அதை அடக்குவதற்காக அவள் கண்களை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஒருமுறை கண் திறந்தபோது ரஞ்சித் அவளைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. அவனுடைய ஆண்டுச் சிரிப்பில் பாதி அன்று செலவாகிவிட்டது.

மூன்றரை மணிக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. தேநீருக்கு இறங்கிய கூட்டம் வளைவின் மேலிருந்த சுதைச் சிற்பத்தை வணங்கியது. கண்களை இறக்கியதும் அவர்கள் கண்டது, வெண்சேலை உடுத்து, திருநீறணிந்து, கண்மூடி, கைகூப்பி நின்ற ஒரு பெண்ணை. அவள் முன்னே ஆவி பறக்கும் அண்டா. இலைத் தொன்னைகள். வாய் பேசவில்லை.

முன்னால் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒரு தொன்னையை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விலைப்பலகையில் இருபது என்றிருக்க, தட்டில் ஐம்பது வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாயிற்று.

விஷயம் புரிந்ததும் பாரதி திடுக்கிட்டாள். வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். துறவித் தாயார் காணிக்கையை மறுக்கிறார் என்று எண்ணி அடுத்தவர் நூறு வைத்தார். அவள் இரு கைகளையும் விரித்து 'இல்லை, இல்லை' என்று அசைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் ஆசி கிடைத்ததென்று தலை குனிந்தார்கள். கடைசியில் சிலேட்டை எடுத்து, 'இது பிரசாதம் அன்று, விற்பனைப் பொருள்' என்று பெரிதாக எழுதி உயர்த்திப் பிடித்தாள். தமிழெழுத்துப் படிக்கத் தெரியாத அந்தக் கூட்டம் அதை ஏதோ மந்திரம் என்று கொண்டது. ஓர் அம்மாள் சிலேட்டைத் தொட்டு விரல் நுனியை முத்தமிட்டார். சுண்ணாம்பு மூக்கில் ஒட்டிக்கொண்டது.

ரஞ்சித்தை யாரும் வணங்கவில்லை. கையில் கத்தியும் மிளகாய்த் தூளும் வைத்திருப்பவரைத் துறவி என்று எண்ணுவது கடினம்.

எதிர்ப்புறத்தில் ராமகிருஷ்ணன் இக்காட்சியைக் கண்டு மெய்ம்மறந்தார். முப்பது ஆண்டுத் தேர்வுப் பணியில், வாங்குபவர் விற்பவரின் காலில் விழுவதை அவர் பார்த்ததில்லை. 'வாடிக்கையாளர் உறவு' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

அண்டா வேகமாகக் குறைந்தது. பாரதி ஒரு கணக்குப் போட்டாள். இதே வேகத்தில் போனால் முதலிடம் தனக்குத்தான். நான்காம் எண் கடை தன் தாய்க்குத்தான். தான் யாரையும் ஏமாற்றவில்லை. தலையாட்டிப் பார்த்தாயிற்று, எழுதியும் காட்டியாயிற்று. அதற்கு மேல் மௌனம் மடத்தின் சட்டம். நம்புவது அவர்கள் விருப்பம். நல்ல மல்லாட்டை, உப்பும் சரியாக இருக்கிறது. கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றால் சுவை குறைந்துவிடுமா என்ன? இவ்வாறு அவள் தன்னையே ஏறக்குறைய நம்பவைத்துவிட்டாள். வாய் மூடியிருந்தாலும் அவளுடைய பேச்சுத்திறன் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு, கடைசியாக வந்த நெல்லூர் வண்டியிலிருந்து ஒரு வயதான அம்மாள் இறங்கி வந்தாள். ஒரு தொன்னை வாங்கினாள். தின்னவில்லை. முந்தானையின் மூலையில் மல்லாட்டையைக் கொட்டி, எண்ணி, முடிச்சுப் போட்டாள். உடன் வந்தவளிடம் தெலுங்கில் பேசத் தொடங்கினாள். பேருந்து நிலையத்தில் வளர்ந்த பாரதிக்குத் தெலுங்கு புரியும். வாங்குபவர் பேசும் மொழி எதுவாயினும் காத்தாயி வீட்டில் அது புரிந்தாக வேண்டும்.

ஊரில் பேரனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சலாம். மாத்திரை கேட்கவில்லையாம். இந்தத் தாயார் கையால் கிடைத்ததை நாளுக்கு ஒன்றாக ஒன்பது நாள் கொடுக்கப் போகிறாளாம். ஒன்பது நாளும் மாத்திரையை நிறுத்திவிடுவாளாம்.

பாரதியின் மூக்கில் அந்த மருத்துவமனைக் கட்டிலின் இரும்பு நாற்றம் வந்து மோதியது.

கை நீட்டி முடிச்சைப் பிடித்தாள். அந்த அம்மாள் மகிழ்ந்து, ஆசீர்வதிக்கட்டும் என்று முடிச்சை இன்னும் அருகே நீட்டினாள். பாரதி அதை அவிழ்க்கப் பார்த்தாள். அந்த அம்மாள் இன்னொரு முடிச்சைச் சேர்த்துப் போட்டாள். பாரதி சாலையைக் கடந்து ஓடித் தேநீர்க் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்த அம்மாளையும் அண்டாவையும் வயிற்றையும் மாறி மாறிக் காட்டினாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "பசிக்குதா பாப்பா?" என்று ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தார்.

பேருந்து ஒலி எழுப்பியது. நடத்துநர் கையைத் தட்டிக் கூட்டத்தை ஏற்றினார். பாரதி கிழக்கே பார்த்தாள். நிலா எழுந்துவிட்டால் போதும், எல்லாம் தீரும். தென்னந்தோப்புக்கு மேல் வானம் சாம்பலாக இருந்தது, நிலாவுக்கு அவசரமில்லை. அந்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

தீ இல்லை. பாம்பு இல்லை. கிணறும் இல்லை.

"அம்மா! ஆகண்டி! நில்லுங்க!" என்று பாரதி கத்தினாள். அந்தக் குரலுக்கு மதில் மேலிருந்த குரங்குகள் தாவி ஓடின. "அது பிரசாதம் காது, பிரசாதம் இல்ல! பல்லீலு! வெறும் மல்லாட்டை! எங்கம்மா உப்புப் போட்டு வேகவெச்சது! இன்னிக்கே தின்னுடணும், நாளைக்குக் கெட்டுப்பூடும்! புள்ளைக்குக் குடுத்துடாத ஆயா! மாத்திரைய நிறுத்தாத!"

தெலுங்கும் தமிழும் பேருந்து நிலையமும் கலந்த அந்த மொழி அனைவருக்கும் புரிந்தது. வரிசை உறைந்து நின்றது. அப்போது சிலேட்டைத் தொட்டு வணங்கிக்கொண்டிருந்த வேறோர் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கையில் தொன்னையோடு நின்ற ஒரு பெரியவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு ஒன்றை உரித்து வாயில் போட்டு மென்று, "உப்பு சரிக்கா உந்தி," உப்பு சரியாக இருக்கிறது என்று தெலுங்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு தொன்னை கேட்டார்.

வயதான அம்மாள் படியிலிருந்து இறங்கி வந்தாள். பாரதியின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "நீ ஊமை இல்லையா?" என்பது அவள் கேட்ட முதல் கேள்வி. பாரதி உள்ளே ஓடி மடத்துத் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். "இது கெடாது, ஆயா. இத நெத்தியில வையி. மாத்திரையும் குடு. கேக்கலன்னா வேற டாக்டருகிட்ட காட்டு." அந்த அம்மாள் முடிச்சை அவிழ்த்து மல்லாட்டையை உடன் வந்தவர்களுக்குப் பங்கிட்டாள். வண்டி போயிற்று.

எதிர்ப்புறத்தில் ராமகிருஷ்ணன் மிக மெதுவாக ஒரு கட்டத்தில் பூச்சியம் போட்டார்.

பாரதி அதைப் பார்த்தாள். நாற்பது போய்விட்டது, கடையும் போய்விட்டது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் அண்டாவின் மீது கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு மாதம் பயின்ற கூவலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

"வாங்க வாங்க, செஞ்சி மல்லாட்டை! கோட்டை ஏறக் காலு வேணும், மலை சுத்தத் தெம்பு வேணும், மாமியாகூட வர மருமவளே, உனக்கு ரெண்டு தொன்னை வேணும்!"

இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் தென்னந்தோப்பின் மேல் நிலா வந்துவிட்டது. மணி பார்த்தவர்கள் சொன்னது: அவள் வாய் திறந்ததற்கும் நிலா வந்ததற்கும் இடையே எட்டு நிமிடம்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் முடிவை அறிவித்தார்கள். விற்பனையில் பாரதி முதலிடம்; மொத்தத்தில் ரஞ்சித். நான்காம் எண் கடை ரஞ்சித்துக்கு. பாரதி எழுந்து நின்றாள்.

"மேடம், புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"ஆயிருக்கும். நீ கத்தினது சரி," என்றார் கமலாம்பாள்.

"அப்போ மார்க்கு?"

ராமகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "பலகையில மூணுதாம்மா போட்டிருக்குது. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மல்லாட்டை தீயிலயும் வரல, பாம்புலயும் வரல. கிணத்துல கொஞ்சம் சேக்கலாமான்னு பாத்தேன், அதுவும் சரியா வரல."

கமலாம்பாள் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தார். நாற்காலியின் மேல் ஏறி, பலகையில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, நான்காவதாக 'மல்லாட்டை' என்று எழுதினார். "இன்னிலேர்ந்து இதுவும் சட்டம். ஆனா நேத்திக்குப் போய் ஒட்டாது பாரதி. சட்டம் முன்னாலதான் நடக்கும்."

"தவளைக் கதையோட முடிவு இன்னா மேடம்?"

"ஒரு நாள் பாம்பு வந்தது. கூவிச் சொன்னது தவளைதான். குளமே பொழைச்சது."

"தவளைக்குக் கடை கெடைச்சுதா?"

"கெடைக்கல."

"அப்போ அந்தக் கதைய மாத்துங்க மேடம். படிக்கற பசங்க மனசு ஒடைஞ்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாரதியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நான்காம் எண் கடையின் வேப்ப நிழலைக் கடக்கும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் காலடி கேட்டது. ரஞ்சித் கையில் சாவியோடு நின்றான். இருமுறை வாயைத் திறந்து மூடினான். பிறகு, இரண்டு ஆண்டுகள் சேமித்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

"கடை எனக்கு வந்துடுச்சி. வெள்ளரிக்கா நாலு மாசந்தான். மீதி எட்டு மாசம் பூட்டிதான் வெக்கணும். தொறந்து வெச்சாலும் கூப்புட எனக்கு வராது. நேத்து நீ கத்தினப்ப என் மேசைக்கு வந்தவன்கூட உங்கிட்ட போயிட்டான். பாதிக் கடை உங்கம்மாவுக்கு. நாற்காலி எங்க ஊட்டுலேர்ந்து கொண்டாறேன்."

பாரதிக்குத் தானாக வந்த இரண்டாவது மௌனம் அது.

"இன்னா, முத்து கொட்டிடுமா?" என்றான் ரஞ்சித்.

அன்று மாலை காத்தாயி கடையைப் பார்க்க வந்தாள். நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், மீண்டும் உட்கார்ந்தாள். "தம்பி, இவ வாய சமாளிச்சிக்குவியா? அத மொதல்ல யோசிச்சியா?" என்று கேட்டாள். ரஞ்சித் தன் பழைய முறைப்படி கையை அசைத்தான். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனி மாதத்தில் புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வந்த முதல் பௌர்ணமியன்று, மகாலட்சுமி என்ற புது மாணவி உணவுக்கூட வாசலில் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தீ சரி. பாம்பு சரி. கிணறும் சரி.

"மல்லாட்டை அவ்ளோ ஆபத்தா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் மௌனம் போய்விட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதில் சொல்லக் கூடாத நாள் அது. மூத்த மாணவர்கள் தட்டுகளை உயர்த்திச் சாலைப் பக்கம் காட்டினார்கள். அங்கிருந்து, மாமியாரோடு வரும் மருமகள்களுக்கான பாரதியின் முதல் பக்கக் கூவல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.